சுடுகாட்டுப் பூவும் கணக்கு நோட்டும்

(நாகூரில் நடந்த தொலைக்காட்சிப் பட்டிமன்றத்தில் பேசியது. தலைப்பு: "புற்றுநோயை வெல்லக் கைகொடுப்பது வீட்டு மூலிகையே! ஆய்வுக்கூட மருந்தே!" இரண்டாம் அணியின் மூன்றாவது பேச்சு.)

எதிர் வரிசையிலே கஷாய வாசனையோடு உட்கார்ந்திருக்கிற அண்ணன்மார்களே, அக்காமார்களே! சில்லடிக் கடற்கரைக் காற்றை விட்டுவிட்டு, இந்தப் பந்தலுக்குள்ளே வந்து புழுக்கத்தைச் சகித்துக்கொண்டிருக்கிற நாகூர்ப் பெருமக்களே! வீட்டிலே தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னாலே சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே!

எதிரணித் தலைவர் அண்ணன் ரொம்ப உருக்கமாகப் பேசினார். துளசி என்றார், தூதுவளை என்றார், வேம்பு என்றார், மஞ்சள் என்றார். "மாத்திரையே மனுஷனுக்குச் சத்துரு"ன்னு முடிச்சார். நீங்களும் கை தட்டினீங்க. உட்கார்ந்த உடனே சட்டைப் பையிலேயிருந்து எதையோ எடுத்து வாயிலே போட்டுத் தண்ணி குடிச்சார். "என்னண்ணே, தூதுவளையா?"ன்னு கேட்டேன். "இல்லேம்மா, பிரஷர் மாத்திரை, எட்டு மணிக்குப் போடணும்"னார். (சிரிப்பு, பலத்த கைதட்டல்)

தன் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை, அடுத்தவர் புற்றுநோய்க்குக் கஷாயம். இது என்னங்க நியாயம்? (கைதட்டல்)

நடுவர் அவர்களே, ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் மூலிகைக்கு விரோதி இல்லை. நான் கல்லூரியிலே தாவரவியல் சொல்லிக் கொடுக்கிறவள். எனக்குச் சோறு போடுகிறதே செடி கொடிதான். அந்தச் செடியை வைத்தே என் கட்சியைச் சொல்லுகிறேன்.

நித்தியகல்யாணி. எல்லாருக்கும் தெரிந்த செடி. ரோஸ் கலரிலே ஒன்று, வெள்ளையிலே ஒன்று, ஐந்து இதழ். தண்ணி ஊத்த வேண்டாம், உரம் போட வேண்டாம். ஆடு மாடு மேயாது. சுடுகாட்டிலே தானாகப் பூத்துக் கிடக்கும், அதனாலே சுடுகாட்டுப் பூ என்று பெயர். இதற்குப் பூர்வீகம் மடகாஸ்கர் தீவு. இன்றைக்கு நம்ம தெற்கத்தி மானாவாரி நிலத்திலே, திருநெல்வேலி, ராமநாதபுரம் பக்கமெல்லாம் பயிராகவே போட்டு, இலையையும் வேரையும் காய வைத்துக் கப்பலேற்றுகிறார்கள்.

இந்தச் செடியிலேயிருந்துதான் வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் என்று இரண்டு புற்றுநோய் மருந்துகள் வந்தன. எதிரணியிலே இரண்டாவதாகப் பேசிய அக்கா இதைத்தான் பிடித்துக்கொண்டார். "பார்த்தீங்களா, எங்க பாட்டி சொன்னதை வெள்ளைக்காரன் திருடி ஊசியாக்கிட்டான்"னார். நீங்களும் கை தட்டினீங்க. நடந்ததைச் சொல்றேன், கேளுங்க.

1952-ஆம் வருஷம். ஜமைக்கா தீவிலேயிருந்து கனடாவுக்கு ஒரு தபால் உறை வருகிறது. கிளார்க் நோபிள் என்ற டாக்டருக்கு அவருடைய நோயாளி ஒருவர் அனுப்பியது. உள்ளே 25 இலை. "எங்க ஊரிலே சர்க்கரை வியாதிக்கு இதைக் கொதிக்க வைத்துக் குடிக்கிறார்கள்" என்று சேதி. கவனிங்க, புற்றுநோய்க்கு இல்லை, சர்க்கரைக்கு. அவர் அந்த இலையைத் தம்பி ராபர்ட் நோபிளிடம் கொடுக்கிறார். தம்பி மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்திலே ஆராய்ச்சி செய்கிறவர். இலைச் சாற்றை எலிக்குக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை குறையவே இல்லை. ஊசியாகப் போட்டுப் பார்த்தார். எலி செத்துப்போச்சு.

நம்மளாக இருந்தால் என்ன செய்வோம்? "எலிக்கு விதி முடிஞ்சது"ன்னு தூக்கிப் போட்டிருப்போம். (சிரிப்பு) அவர் தூக்கிப் போடவில்லை. எலி ஏன் செத்தது என்று பார்த்தார். கிருமி தாக்கிச் செத்திருக்கிறது. கிருமி ஏன் தாக்கியது? ரத்தத்திலே வெள்ளை அணு அடியோடு குறைந்திருக்கிறது. அப்போதுதான் அவருக்குப் பொறி தட்டுகிறது. வெள்ளை அணுவைக் குறைக்கிற சக்தி இந்த இலைக்கு இருக்கிறதென்றால், வெள்ளை அணு கட்டுக்கடங்காமல் பெருகுகிற ரத்தப் புற்றுநோய்க்கு இது ஆகுமா? சார்லஸ் பீர் என்ற வேதியியல் அறிஞர் கூடச் சேர்ந்தார். இலையைப் பிரித்துப் பிரித்து, அந்த ஒரு பொருளை மட்டும் தனியாக எடுத்தார்கள். 1958-லே உலகத்துக்குச் சொன்னார்கள். அதுதான் வின்பிளாஸ்டின். அதே சமயம் அமெரிக்காவிலே எலி லில்லி என்ற கம்பெனி… (சிரிப்பு) சிரிக்காதீங்க, கம்பெனி பேரே அதுதான், இந்த எலி வேற! (பலத்த சிரிப்பு) அந்தக் கம்பெனி ஆராய்ச்சிக்காரர்களும் இதே செடியைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அங்கேயிருந்து வின்கிரிஸ்டின் வந்தது. 1963-லே அமெரிக்க அரசாங்கம் அனுமதி கொடுத்தது.

நடுவர்: அம்மா, அப்போ பாட்டி செடியைக் காட்டினாங்கன்னு ஒத்துக்கிறீங்க?

மனசார ஒத்துக்கிறேன்யா! பாட்டி காட்டலேன்னா அந்த இலை கனடாவுக்கே போயிருக்காது. ஆனால் பாட்டி காட்டியது சர்க்கரைக்கு. ரத்தப் புற்றுநோய்க்கு என்று எந்தப் பாட்டியும் சொல்லவில்லை. அதைச் சொன்னது செத்துப்போன எலி. அதைக் கேட்டுப் புரிந்துகொண்டது ஆய்வுக்கூடம். (கைதட்டல்)

"அப்படியே இருக்கட்டும், இலையிலேதானே மருந்து இருக்கு? இலையையே அரைச்சுக் குடிச்சா என்ன?" என்று ஒரு கேள்வி வரும். எதிரணி அண்ணன் கேட்டும் விட்டார். ஒரு கணக்குப் போடுவோம். நாகூர்க்காரர்களுக்குக் கணக்கு சொல்லித் தர வேண்டாம், கப்பல் ஏறிக் கணக்குப் பார்த்தவர்கள் நீங்கள்.

ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்கச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். அப்படியானால் ஒரு கிலோ இலைக்கு 2 மில்லிகிராம். ஒரு பெரிய ஆளுக்கு ஒரு தடவை போடுகிற மருந்து ஏறக்குறைய 10 மில்லிகிராம். அப்போ 5 கிலோ காய்ந்த இலை! பச்சை இலை என்றால் இன்னும் எத்தனை மடங்கோ. அண்ணன் ஒரு டம்ளர் கஷாயத்திலே முடித்துவிடுவார். எனக்கு அண்டா வேண்டும். கந்தூரிக்கு நெய்ச்சோறு ஆக்குகிற அண்டா! (பலத்த சிரிப்பு)

சரி, அண்டாவையே குடிக்கிறார் என்று வையுங்கள். அந்த இலையிலே நூற்றுக்கு மேற்பட்ட வேறு வேறு சத்துக்கள் இருக்கின்றன. ஒன்று ரத்த அழுத்தத்தைக் கீழே இறக்கும், ஒன்று வேறு எதையாவது கெடுக்கும். வயிற்றுக்குள்ளே போன மருந்து எவ்வளவு ரத்தத்திலே சேரும் என்று நிச்சயம் இல்லை. அதனாலேதான் இதை நரம்பு வழியாக ஊசியிலே ஏற்றுகிறார்கள். வின்கிரிஸ்டின் பெரியவர்களுக்கு ஒரு தடவைக்கு வழக்கமாக 2 மில்லிகிராமைத் தாண்ட விடுவதில்லை. அதே மருந்தைத் தவறிப்போய் முதுகுத் தண்டு நீருக்குள்ளே போட்டால் உயிரே போய்விடும். மருந்து ஒன்றுதான், அளவு மாறினால் விஷம், வழி மாறினால் எமன்.

இது வெள்ளைக்காரன் கண்டுபிடித்த தத்துவமா? வள்ளுவர் மருந்து என்று ஒரு அதிகாரமே வைத்தாரே, 95-ஆவது அதிகாரம். அதிலே நோயாளியின் அளவைப் பார், நோயின் அளவைப் பார், காலத்தைப் பார் என்றுதானே சொல்கிறார்? அளவு என்ற சொல்லை எங்க ஆத்தா அப்பன் மறக்கவில்லை. வாட்ஸ்அப்பிலே வைத்தியம் அனுப்புகிற நாமதான் மறந்துட்டோம். (கைதட்டல்)

அடுத்து, "இயற்கை, அதனாலே தீங்கு இல்லை" என்ற வாதம். இங்கேயிருந்து தெற்கே போனால் வேதாரண்யம். அங்கே இரண்டு பயிர் பிரசித்தம். ஒன்று செங்காந்தள், கண்வலிக் கிழங்கு. நம்ம தமிழ்நாட்டின் மாநிலப் பூ. அதிலேயிருந்து கால்சிசின் எடுத்துக் கீல்வாதத்துக்கு மருந்து செய்கிறார்கள். அதே கிழங்கைத் தெரியாமல் தின்றவர்கள் செத்திருக்கிறார்கள். இரண்டாவது பயிர் எது? புகையிலை! அதுவும் செடிதானே? சுத்தமான இயற்கைதானே? கூடவே பாக்கு. புகையிலை சேர்க்காத வெறும் பாக்குக்கூட வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-லேயே வகைப்படுத்திவிட்டது. விருந்து முடிந்து தாம்பாளத்திலே வருகிறதும் இயற்கைதான் பெருமக்களே. இயற்கை நமக்கு அம்மாவும் இல்லை, மாமியாரும் இல்லை. அதுக்கு நம்மைத் தெரியவே தெரியாது. (சிரிப்பு, கைதட்டல்)

முள்சீத்தாப் பழம் பற்றி எதிரணித் தம்பி சொன்னார். "கீமோவைவிடப் பல மடங்கு சக்தி"ன்னார். சோதனைக் குழாயிலே புற்று அணுவைக் கொல்லுகிற பொருள் அதிலே இருப்பது உண்மை. சோதனைக் குழாயிலே பினாயில் ஊற்றினாலும் புற்று அணு சாகும். (சிரிப்பு) மனுஷன் உடம்பிலே, மற்ற அணுவைக் கொல்லாமல், புற்றை மட்டும் கொல்கிறதா என்பதுதான் கேள்வி. அதற்கு அந்தப் பழம் இன்னும் பதில் சொல்லவில்லை. குவாதலூப் என்கிற கரீபியன் தீவிலே இந்தப் பழமும் இலைக் கஷாயமும் அதிகம் சாப்பிட்டவர்களிடம் நடுக்குவாதம் மாதிரியான நரம்பு நோய் கூடுதலாகத் தெரிந்தது என்று 1999-லே லான்செட் பத்திரிகையிலே டாக்டர்கள் எழுதினார்கள்.

பாதாம்பருப்பு மாதிரி ஆப்ரிகாட் கொட்டை, "பி-17 வைட்டமின்" என்று இன்றைக்கும் விற்கிறார்கள். அது வைட்டமினே இல்லை. அமெரிக்காவிலே கூச்சல் அதிகமானதும், மேயோ கிளினிக் டாக்டர்கள் தலைமையிலே 178 நோயாளிகளுக்குக் கொடுத்தே பார்த்தார்கள். 1982-லே முடிவு வந்தது. ஒருவருக்கும் குணமாகவில்லை. சிலர் ரத்தத்திலே சயனைடுதான் ஏறியிருந்தது.

மஞ்சளுக்கு வருவோம். மஞ்சளை அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று 1995-லே காப்புரிமை வாங்கியது, புண் ஆற்றும் என்று. நம்ம மத்திய அரசின் அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகம் எதிர்த்து வழக்காடி, 1997-லே அதை ரத்து செய்ய வைத்தது. எப்படி ஜெயித்தோம்? "எங்க பாட்டி சொன்னா"ன்னு சொல்லியா? இல்லை. பழைய நூல்களிலேயும் பத்திரிகைகளிலேயும் எழுதி வைத்ததை எடுத்துக்கொண்டுபோய் மேசையிலே போட்டோம். எழுதி வைத்தது ஜெயித்தது! மஞ்சளிலே இருக்கிற குர்குமின் குடலிலேயிருந்து ரத்தத்துக்குப் போவதே ரொம்பக் கொஞ்சம் என்பதும் அதே மாதிரி எழுதி வைத்த உண்மைதான். ரசத்திலே மஞ்சள் போடுங்க, யாரும் தடுக்கலே. கீமோ நடக்கும்போது மஞ்சள் மாத்திரை முழுங்கினால் மட்டும் டாக்டரிடம் சொல்லுங்க. ஒரு மருந்தை இன்னொரு மருந்து கெடுக்கலாம்.

நடுவர்: சித்த மருத்துவத்தை ஒரேயடியாகத் தள்ளுறீங்களே?

தள்ளலீங்க அய்யா. சோதனைக்குக் கூப்பிடுறேன். வண்ணார் துணிக்குக் குறி போடுகிற சேங்கொட்டையைச் சென்னைப் பல்கலைக்கழகத்திலே எலிகளுக்குக் கொடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் எலிக்கு ஆனது மனுஷனுக்கு ஆகுமா என்பது தனிக் கேள்வி. இந்தப் பக்கம் சீனாவைப் பாருங்க. பாடாணம், வெள்ளைப் பாடாணம், ஆர்சனிக். அவர்களும் பரம்பரையாக வைத்திருந்த மருந்து. ஹார்பின் நகரத்து டாக்டர்கள் 1970-களிலே அதை ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுத்து, அளவு பார்த்து, எண்ணிப் பார்த்து, எழுதி வைத்தார்கள். 2000-லே அமெரிக்காவே அனுமதி கொடுத்தது. இன்றைக்கு அந்த வகைப் புற்றுநோய்க்கு உலகம் பூராவும் டாக்டர்கள் கொடுக்கிற மருந்திலே அதுவும் ஒன்று. பரம்பரை மருந்து சோதனையிலே தேறினால் உலகமே தலையிலே தூக்கி வைத்துக்கொள்ளும். தேறுவதற்கு முன்னாலேயே நம்ம வீட்டு ஆளை வைத்துச் சோதிக்காதீங்க என்றுதான் சொல்றேன்.

நடுவர் அவர்களே, இது வரைக்கும் சிரிக்கச் சிரிக்கப் பேசினேன். இனிமேல் கொஞ்சம் என் வீட்டுக் கதை.

என்னை வளர்த்தது என் பெரியம்மா. வயக்காட்டு வேலை செய்கிற உடம்பு. நாற்று முடி தூக்கி ஒரு நாளைக்கு எத்தனை நடை நடப்பாள் என்று கணக்கில்லை. அவளுக்கு மார்பிலே ஒரு கட்டி. முதலிலே புளியங்கொட்டை அளவுதான். வலியில்லை. வெட்கம். யாரிடமும் சொல்லவில்லை. ஆறு மாதம் கழித்து என் அக்காவிடம் சொன்னாள். நான் அப்போது வெளியூரிலே வேலையிலே இருக்கிறேன். வீட்டிலே கூடிப் பேசி, பக்கத்து ஊர் வைத்தியர் ஒருவரிடம் கூட்டிப்போனார்கள். அவர் இலையை அரைத்துப் பற்றுப் போட்டார். கஷாயம் கொடுத்தார். "கத்தி பட்டா பரவிடும், ஆஸ்பத்திரிக்குப் போகாதே"ன்னு ஒரு வார்த்தை சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காகப் பெரியம்மா அவரை நம்பினாள். அவளுக்குக் கத்தி பயம்.

பதினாலு மாசம். நான் லீவுக்கு வந்தபோது முந்தானையை விலக்கிக் காட்டினாள். எலுமிச்சம்பழம் அளவு. தோல் வெடித்துப் புண். தாவரவியல் படித்த நான், அந்த இலை என்ன இலை என்று பெயர் சொல்லத் தெரிந்த நான், அங்கே நின்று அழுதேன். பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அந்த டாக்டரம்மா திட்டவில்லை. "ஒரு வருஷம் முன்னாடி வந்திருக்கலாமேம்மா"ன்னாங்க. அவ்வளவுதான். எலும்புக்குப் போய்விட்டது.

(அரங்கில் அமைதி)

அந்த வைத்தியர் மேலே எனக்குக் கோபம் இல்லை. அவர் பத்து ரூபாய்க்கு மேலே வாங்கியதில்லை. மோசம் செய்யணும் என்று செய்யவில்லை. "நிறையப் பேருக்குக் குணமாயிருக்கு"ன்னு உண்மையாகவே நம்பினார். ஏன் நம்பினார்? குணமானவன் தேங்காய் பழத்தோடு திண்ணைக்கு வருவான். செத்தவன் வந்து சொல்லுவானா, "உங்க மருந்து பலிக்கலே"ன்னு? வந்தது புற்றுதானா, வெறும் நீர்க்கட்டியா, அதுவே அவருக்குத் தெரியாது. அவரிடம் இல்லாதது நல்ல மனசு இல்லை பெருமக்களே. அவரிடம் இல்லாதது ஒரு கணக்கு நோட்டு. எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேருக்கு என்ன நோய், ஐந்து வருஷம் கழித்து எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள். அந்த நோட்டுக்குத்தான் ஆய்வுக்கூடம் என்று பெயர். அந்த நோட்டுக்குத்தான் மருத்துவ ஆராய்ச்சி என்று பெயர். (நீண்ட கைதட்டல்)

அப்படி நோட்டுப் போட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவிலே யேல் பல்கலைக்கழக டாக்டர்கள் 2018-லே வெளியிட்டார்கள். குணப்படுத்தக்கூடிய நிலையிலே இருந்தும், ஆஸ்பத்திரி சிகிச்சையை வேண்டாம் என்று மாற்று வைத்தியம் மட்டும் செய்துகொண்ட 281 பேரை, அதே மாதிரி நோயோடு சிகிச்சை எடுத்துக்கொண்டவர்களோடு ஒப்பிட்டார்கள். மாற்று வைத்தியம் மட்டும் செய்தவர்களுக்குச் சாவு அபாயம் இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றுநோயிலே மட்டும் பார்த்தால் ஐந்து மடங்குக்கும் மேலே. என் பெரியம்மா அந்தக் கணக்கிலே இல்லை. ஆனால் எனக்கு அந்தக் கணக்கிலே அவள் முகம்தான் தெரிகிறது.

இந்த வலி எனக்கு மட்டும் வந்ததா? புதுக்கோட்டையிலே பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்றுநோயிலே இறந்துபோனார். டாக்டராக இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. அந்த அம்மா அழுதுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. வருஷக்கணக்காகப் போராடி, 1954-லே அடையாற்றிலே புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். பன்னிரண்டு படுக்கை. அங்கே 1955-லே வேலைக்குச் சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-லே கண்ணை மூடுகிற வரைக்கும் அந்த வளாகத்தை விட்டுப் போகவில்லை. அந்த மாதிரி இடங்களிலே குழந்தைகளுக்குப் போடுகிற மருந்துகளிலே ஒன்றுதான் நான் முதலிலே சொன்ன சுடுகாட்டுப் பூவின் வின்கிரிஸ்டின்.

1940-களிலே ஒரு குழந்தைக்குக் கடுமையான ரத்தப் புற்றுநோய் என்றால், சில வாரம், சில மாதம், அவ்வளவுதான். நம்ம சென்னை மருத்துவக் கல்லூரியிலே படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் அமெரிக்காவிலே ஒரு கம்பெனியிலே இருந்துகொண்டு தயாரித்துக் கொடுத்த மருந்தைத்தான், பாஸ்டனிலே சிட்னி ஃபார்பர் அந்தக் குழந்தைகளுக்குக் கொடுத்து, 1948-லே முதல் நம்பிக்கையைக் காட்டினார். அப்புறம் வின்கிரிஸ்டின் சேர்ந்தது, வேறு மருந்துகள் சேர்ந்தன. ஒரே மருந்து ஜெயிக்கவில்லை, கூட்டணி ஜெயித்தது. இன்றைக்கு வளர்ந்த நாடுகளிலே அந்த நோய் வந்த நூறு குழந்தைகளிலே ஏறக்குறைய தொண்ணூறு பிழைக்கின்றன. நம்ம நாட்டிலே அந்த அளவுக்கு இன்னும் இல்லை. ஏன்? தாமதமாக வருகிறோம். பாதியிலே நிறுத்திவிடுகிறோம். முடி கொட்டுது, பிள்ளை வாடுது, யாரோ ஒருத்தர் "இதை விட்டுட்டுக் கஷாயம் கொடு"ன்னு சொல்றார், ஆஸ்பத்திரியிலேயிருந்து தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். கொட்டின முடி மறுபடி முளைக்கும் தாய்மார்களே. போன பிள்ளை முளைக்காது. (கைதட்டல்)

(மணி அடிக்கிறது)

இரண்டு நிமிஷம் அய்யா. எதிரணி சொன்னதிலே ஒன்றை நான் மறுக்க மாட்டேன். தூரம், செலவு. அது பொய்யில்லை. ராத்திரி பஸ் ஏறி, விடிய விடிய உட்கார்ந்து, பட்டணத்திலே வரிசையிலே நின்று, தங்க இடமில்லாமல் நடைபாதையிலே படுத்து… கஷாயம் குடிக்கிறவன் எல்லாம் முட்டாள் இல்லை. பாதிப் பேர் வழியில்லாதவன். அதற்குக் கேட்க வேண்டியது கஷாயம் இல்லை, பக்கத்திலே ஆஸ்பத்திரி. நாகப்பட்டினத்துக்கு 2022-லே அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. புற்றுநோய்க்கு வேண்டிய எல்லா வசதியும் இங்கேயே வேண்டும் என்று கேளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலே புற்றுநோய் சிகிச்சை இருக்கிறது, அட்டை வாங்கி வையுங்கள்.

அப்புறம் வீடு. வீட்டுக்கு வேலை இல்லையா? நிறைய இருக்கு. வள்ளுவர் அதே அதிகாரத்தின் கடைசியிலே மருத்துவத்துக்கு நாலு பேரைச் சொல்கிறார். நோயாளி, வைத்தியர், மருந்து, நாலாவதாகப் பக்கத்திலேயே இருந்து மருந்தைக் கொடுக்கிறவர். அந்த நாலாவது ஆள்தான் வீடு. வாயிலே ஆறாத புண், வெள்ளைத் திட்டு, மார்பிலே கட்டி, தீட்டு நின்ற பிறகு வருகிற உதிரம், இதையெல்லாம் முதலிலே பார்க்கிறது டாக்டர் இல்லை, வீடுதான். கீமோ போட்டுக்கொண்டு வந்தவருக்கு ஜுரம் 100 டிகிரியைத் தாண்டினால் மிளகு ரசம் வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டியதும் வீடுதான்.

வலிக்கும் மருந்து இருக்கிறது. அதுவும் செடிதான், கசகசாச் செடியின் பால், அதிலேயிருந்து வருகிற மார்ஃபின். அது போதைப் பொருள் சட்டத்துக்குள்ளே சிக்கி, வலிக்கிறவன் கைக்குக் கிடைக்காமல் இருந்தது. 2014-லே சட்டத்தைத் திருத்தினார்கள். நம்ம தமிழ்நாட்டிலே 2021-லே தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலே, படுத்த படுக்கையாய் இருக்கிறவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கிறார்கள்.

என் பெரியம்மாவின் கடைசி மூன்று மாதம் வீட்டிலேதான். டாக்டர் எழுதிக் கொடுத்த மார்ஃபின் மாத்திரை, நாலு மணிக்கு ஒரு தடவை. அலாரம் வைத்து எழுந்து நான்தான் கொடுப்பேன். ஒரு நோட்டிலே மணியை எழுதுவேன். முதல் நாள் ராத்திரி பூராவும் தூங்கினாள். காலையிலே முழித்து, "ஏம்மா, இது என்ன இலை?"ன்னு கேட்டாள். "கசகசா, பெரியம்மா"ன்னேன். "இதை முன்னாடியே கொடுத்திருக்கலாமே"ன்னாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியலே நடுவர் அவர்களே. இன்னைக்கும் தெரியலே.

இது நாகூர். தர்காவுக்கு மதம் பார்க்காமல் நோயோடு வருகிற ஊர். ஆண்டவர் சன்னதியிலே தஞ்சை மன்னரின் நோய் தீர்ந்தது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லுகிற ஊர். துவாச் செய்யுங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அப்புறம் இறைவனிடம் பாரத்தைப் போடு என்று நபிகள் நாயகம் சொன்னதாகப் பெரியவர்கள் சொல்வார்கள். கட்டி என்று தெரிந்தால் அந்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், சதை எடுத்துச் சோதியுங்கள், அப்புறம் துவாச் செய்யுங்கள்.

வீட்டு வாசலிலே பூத்தாலும், சுடுகாட்டிலே பூத்தாலும் நித்தியகல்யாணி ஒன்றுதான். அதை மருந்தாக்கியது சோதனையும் அளவும் கணக்கு நோட்டும். ஆகவே, புற்றுநோயை வெல்லக் கைகொடுப்பது ஆய்வுக்கூட மருந்தே, ஆய்வுக்கூட மருந்தே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

(நீண்ட கைதட்டல்)